இரும்பில்லாத குடில்

மாஷிகே
1957 நவம்பர் 3

அன்புத் தம்பி ஷுன்பெய்க்கு,

அக்கா தொமியே எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் அத்தானுக்கு வழக்கமான முழங்கால் வலி. எனக்கு ஒரு குறையும் இல்லை. மினாசாவா மலையில் குளிர் எப்படி, நெஞ்சுச் சளி வந்ததா என்று ஒரு வரி எழுது. உன் கடிதங்களில் வானத்தின் சௌக்கியம் மட்டும்தான் இருக்கிறது, உன் சௌக்கியம் இல்லை.

நீ கேட்ட பஞ்சுச் சட்டை இத்துடன் வருகிறது. கை இல்லாதது, மார்பை மூடுவது. கொக்கி வேண்டாம், உலோகப் பொத்தான் வேண்டாம் என்று மூன்று முறை அடிக்கோடு போட்டிருந்தாய். மான்கொம்புப் பொத்தான் ஐந்து வைத்திருக்கிறேன். கடைக்காரர், "இரும்பே கூடாதுன்னா உன் தம்பி என்ன சாமியாராப் போயிட்டானா?" என்று கேட்டார். "சூரியன்லேருந்து வர்ற புயலை ஒரு காந்த ஊசியை வச்சுப் பாக்கிறான். இரும்பு கிட்டப் போனா ஊசி பொய் சொல்லும்" என்றேன். உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். புரிந்ததா என்று கேட்காதே.

உள்துணியைப் பிரிக்காதே. அழுக்கானால் எனக்கே அனுப்பு.

கடற்கரைக் கோயிலின் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தார்கள். பழைய ஆணிகளை வீட்டுக்கு ஒன்றாகப் பூசாரி கொடுத்தார். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் காவல். எங்கே வைத்தோம் என்று வாய்விட்டுச் சொன்னால் காவல் போய்விடுமாம். நம் வீட்டு ஆணி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

கென்தாரோ அண்ணன் போருக்குக் கப்பல் ஏறியபோது எனக்குப் பதினாறு வயது. ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்ட துணியை இடுப்பில் கட்டினால் குண்டு படாது என்று எல்லா வீட்டிலும் செய்தார்கள். தெருமுனையில் நின்று நின்று எனக்கு அறுநூற்று இருபது தையல்தான் சேர்ந்தது. கப்பல் போய்விட்டது; அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தத் துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது. உன்னை அப்படி வெறுமனே அனுப்ப மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
தொமியே

*

மினாசாவா காந்த நிலையம்
1957 நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சளி இல்லை, இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், திட்டாதே. அத்தானின் முழங்காலுக்கு இந்த ஊர் வெந்நீர் ஊற்றுதான் மருந்து, ஒருமுறை கூட்டி வா.

சட்டை அளவெடுத்தது போல இருக்கிறது. எங்கள் அளவுக் குடிலில் அடுப்பு வைக்க முடியாது. சுவரில் செம்பு ஆணி, கதவில் மரத்தாழ். உள்ளே போகுமுன் கடிகாரம், சாவி, இடைவார் எல்லாவற்றையும் வெளித்திண்டில் வைத்துவிட்டு, கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறேன். வாரத்துக்கு இருமுறை ஊசியின் திசையைக் கண்ணால் அளந்து எழுத வேண்டும். நாள் முழுக்கத் தானாக வரையும் கருவியின் கோட்டுக்கு அந்த எண்தான் அடித்தளம். உலகம் முழுக்க இந்த ஒன்றரை ஆண்டு எல்லா நிலையங்களும் ஒன்றாக அளக்கின்றன. எங்கள் எண்கள் மாஸ்கோவுக்கும் போகும், அமெரிக்காவுக்கும் போகும்.

ஞாயிறு நான். புதன் ஹிசாயோ. இந்த மாதம்தான் அவளைக் குடிலுக்குள் விட்டார்கள். இதுவரை கணக்குப் போடும் அறையில் இருந்தாள். தலைவர் சுகாவா ஐயா உன் சட்டையைத் தடவிப் பார்த்து, "என் ஆளுங்களை விட உன் அக்காவுக்குப் பௌதிகம் நல்லாத் தெரியுது" என்றார். ஹிசாயோ, "எனக்கும் ஒண்ணு தைப்பாங்களா? இல்ல தம்பிக்கு மட்டும்தான் குளிருமா?" என்றாள்.

அக்கா, நான் அவளை மணக்க நினைக்கிறேன். அவளுக்குத் தகப்பன் இல்லை, சித்தப்பா வளர்த்தார். வசந்தத்தில் அவளை மாஷிகேவுக்கு அழைத்து வருகிறேன். நீ சரி என்றால் மட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

ஷுன்பெய்

*

மினாசாவா
1958 ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் நல்லபடியாகப் பிறந்திருக்கும். நீ அனுப்பிய மோச்சி அரிசிப் பலகாரம் வந்தது. "தம்பி பெண்டாட்டிக்கு" என்று தனியாக ஒரு பொட்டலம் கட்டி எழுதியிருந்தாயே, ஹிசாயோ அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். அது மூன்று வாரத்துக்கு முந்திய கதை. இப்போது நிலைமை வேறு.

இரண்டு மாத எண்களைப் பட்டியலிட்டபோது, ஞாயிற்றுக்கிழமை எண்ணும் புதன்கிழமை எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் அதில் இரண்டு பங்கு வித்தியாசம். ஒவ்வொரு வாரமும் அதே இரண்டு. இயற்கை அப்படி நடக்காது. யாரோ ஒருவர் உடம்பில் இரும்பு இருக்கிறது. நவம்பரில் கருவியைப் புதிதாக நிறுவியதால் பழைய எண்ணோடு ஒப்பிடவும் வழியில்லை. புதிதாக வந்த ஆள் ஹிசாயோதான்.

சுகாவா ஐயா எல்லோர் எதிரிலும், "பொம்பளைங்க தலையில எத்தனை ஊசி இருக்குன்னு அவங்களுக்கே தெரியாது" என்றார். அடுத்த புதன்கிழமை அவள் தலைமுடியைக் காதோடு வெட்டிக்கொண்டு வந்தாள். "இப்ப எண்ணிக்குங்க, ஐயா" என்றாள். அன்றைக்கும் வித்தியாசம் அதே இரண்டு.

அன்று மாலை என்னிடம் வந்தாள். "ஷுன்பெய் சான், உங்க சட்டையையும் ஒரு தடவ வெளிய வச்சுட்டு அளந்து பாருங்களேன். ஒரே ஒரு தடவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைத் தைச்சது என் அக்கா. மூணு தடவ கோடு போட்டு எழுதினேன். அவங்க கை வச்சதுல இரும்பு இருக்காது. சந்தேகப்படறதா இருந்தா என்னைச் சந்தேகப்படு."

"நான் சட்டையைத்தான கேட்டேன். உங்க அக்காவையா கேட்டேன்?"

நான் கழற்றவில்லை. கழற்றினால் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகும். என்னைத் தூக்கி வளர்த்தவளை யாரும் அப்படி நினைக்க விடமாட்டேன், கட்டிக்கொள்ளப் போகிறவளானாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

ஷுன்பெய்

*

மாஷிகே
1958 பிப்ரவரி 16

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தானும் சுகம். நீ சுகமாக இரு.

போன செவ்வாய்க்கிழமை இருட்டியதும் வடக்கே வானம் சிவந்துவிட்டது. தீயணைப்பு மணி அடித்தார்கள். உன் அத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வலியை மறந்து ஓடினார். பாதி ஊர் மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. "எதுவும் எரியல. வானமே செவந்து கிடக்கு" என்றார் வந்து. நான் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். நீ சொல்வாயே, சூரியப் புயல், அதுதானா?

மீன் இந்த வருஷமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சட்டையின் பஞ்சு இதற்குள் கட்டி தட்டியிருக்கும். அனுப்பி வை, பிரித்து அடித்துத் திரும்பத் தைத்துத் தருகிறேன். ஒரே வாரம்தான். உடனே அனுப்பு.

இன்னொன்று. சின்ன இரும்பு, ரொம்பச் சின்னது, விரல் கணு அளவு, அதுவும் கணக்கில் வருமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

அக்கா

*

மினாசாவா
1958 பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்றறிந்து நிம்மதி. நான் இருக்கிறேன்.

நீ பார்த்தது அதுதான். இந்த மாதிரிப் புயலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கோடு தாளை விட்டே வெளியே போய்விட்டது. இரண்டு நாள் யாரும் படுக்கவில்லை. இந்த அளவு உலகத்துக்குப் போகும் என்பதால்தான் சுகாவா ஐயா அவசரப்பட்டார்: இரண்டு பேரில் யார் எண் சரி என்று இப்போதே முடிவாக வேண்டும்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "என் உடையில் இரும்பு இல்லை என்று உறுதி கூறுகிறேன்." நான் கையெழுத்துப் போட்டேன். ஹிசாயோவும் போட்டாள். இரண்டு பேரும் உண்மை சொல்ல முடியாது என்று ஐயா சொன்னார். அவளுடைய எண்கள் அத்தனையையும் சிவப்பு மையால் அடித்தார்கள். அடிக்கும் வேலை என்னுடையது. அவள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். ரயிலடிக்கு நான் போகவில்லை.

சட்டையைப் பனி போன பிறகு அனுப்புகிறேன். இப்போது அது இல்லாமல் குடிலுக்குள் நிற்க முடியாது. நீ கேட்டதற்குப் பதில்: விரல் கணு அளவு போதும். அளக்கும்போது நெஞ்சு கருவிக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும். ஒரு சின்ன ஆணி போதும்.

ஹிசாயோவைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஏன் அக்கா?

ஷுன்பெய்

*

1958 மார்ச் 9

மதிப்புக்குரிய தொமியே அக்காவுக்கு வணக்கம்.

முகம் தெரியாதவள் எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். நான் சித்தப்பா வீட்டில் நலமாக இருக்கிறேன்.

வசந்தத்தில் உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தேன். இனி வர மாட்டேன். ஆனால் அவர் எப்போதும் பேசுவது உங்களைப் பற்றித்தான் என்பதால், உங்களிடம் மட்டும் சொல்ல ஆசை. என் உடம்பில் இரும்பு இருக்கவில்லை. தலைமுடி வளர்ந்துவிடும், அது பெரிதல்ல. நான் எழுதிய எண்கள் சரியானவை.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தைக்கும்போது ஊசிமுனை ஒடிந்து பஞ்சுக்குள் தங்கிவிடுவது எல்லோருக்கும் நேர்வதுதான். எனக்கும் நேர்ந்திருக்கிறது. அப்படி ஏதாவது உங்களுக்கு நினைவுண்டா? இருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதுவீர்களா?

பிரேசில் காப்பித் தோட்டத்துக்குப் போகும் ஒருவருக்குச் சித்தப்பா என்னைப் பேசியிருக்கிறார். கப்பல் மே 2 அன்று கோபேயிலிருந்து. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "நீ யாரு பதிலுக்குக் காத்திருக்க?" என்று சித்தி கேட்கிறாள். சொல்லவில்லை.

உங்கள் மோச்சி மிக ருசியாக இருந்தது.

ஹிசாயோ

*

மாஷிகே
1958 மார்ச் 23

அன்புள்ள ஹிசாயோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீ நலமாக இருப்பது மகிழ்ச்சி. இங்கே பனி இன்னும் கரையவில்லை.

ஊசி எதுவும் ஒடிந்ததாக நினைவில்லை.

கொஞ்சம் கடற்பாசியும் உலர்ந்த மீனும் அனுப்பியிருக்கிறேன். கடற்பாசியை நீரில் ஊறவைத்த பிறகு சமைக்கவும். உடம்பைக் கவனித்துக்கொள்.

தொமியே

*

மினாசாவா
1958 ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். பனி கரைந்துவிட்டது, சட்டையை இன்று தபாலில் சேர்த்தேன்.

கணக்கறைப் பெண்கள் சொல்கிறார்கள்: ஹிசாயோ மே 2 அன்று பிரேசில் கப்பல் ஏறுகிறாளாம். கல்யாணம் அதற்கு முந்திய நாள்.

கோபேக்குப் போகலாமா என்று தோன்றுகிறது. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் பொய் சொன்னாள் என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் அந்தப் பென்சில் சீவிய கை நினைவுக்கு வருகிறது. பொய் சொன்னவள் கை அப்படி நிதானமாக இருக்குமா?

நீ சொல்வதைச் செய்கிறேன். போ என்றால் போகிறேன். தந்தி கொடுத்தாலும் சரி.

ஷுன்பெய்

*

மினாசாவா
1958 ஜூன் 8

அக்கா,

நலமா? உன்னிடமிருந்து ஏழு வாரமாக ஒன்றும் இல்லை. தந்தி வரவில்லை, நான் கோபேக்குப் போகவில்லை.

ஒரு கேள்வி மட்டும். ஏப்ரல் 20 முதல் என் எண்கள் இரண்டு பங்கு இறங்கிவிட்டன. சரியாக இரண்டு. பனி உருகிக் கருவி நிற்கும் தூண் அசைந்திருக்கும் என்று சுகாவா ஐயா சொன்னார். தூணை அளந்தேன், அசையவில்லை. இப்போது என் எண்ணும், சிவப்பு மையால் நான் அடித்த ஹிசாயோவின் எண்ணும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

குடிலில் எதுவும் மாறவில்லை. நான் ஒரு சட்டையை அணிவதை நிறுத்தினேன். அவ்வளவுதான்.

அதில் என்ன இருந்தது?

ஷுன்பெய்

*

மாஷிகே
1958 ஜூன் 29

ஷுன்பெய்க்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் கும்பிட்டேன். கும்பிட எனக்குத் தகுதி உண்டா என்று கோயிலில் கேட்டுக்கொண்டேன்.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. கோயில் கூரை ஆணி. இடது மார்புப் பக்கம், இரண்டாம் பொத்தானுக்கு நேரே, உள்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் தைத்திருந்தேன். நீ இரும்பு வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தைத்தேன். நீ சொன்னது கடையில் விற்கிற இரும்பு என்று எடுத்துக்கொண்டேன். சாமியின் இரும்பு அந்தக் கணக்கில் வராது என்று நினைத்தேன். அண்ணனுக்கு அறுநூற்று இருபதோடு நின்றது. உனக்குக் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

என் நாட்குறிப்பில் தேதி எல்லாம் இருக்கிறது. உனக்குத் தேவைப்படும், எழுதிக்கொள். சட்டையைத் தபாலில் சேர்த்தது நவம்பர் 4. உன் ஜனவரிக் கடிதம் வந்தது 16. அன்றைக்கே தெரிந்துவிட்டது, கடிதத்தைப் பாதி படிக்கும்போதே. சொன்னால் காவல் போய்விடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது சாக்கு. நீ அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இழக்க மனம் வரவில்லை.

மார்ச்சில் அந்தப் பெண் எனக்கு எழுதினாள். ஊசி ஒடிந்ததா என்று கேட்டாள். எனக்குத் தப்பிக்க அவளே ஒரு வாசலைத் திறந்து வைத்தாள். ஊசி ஒடியவில்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் எழுதியதில்லை. உலர்ந்த மீன் அனுப்பினேன்.

ஏப்ரல் 21 சட்டை வந்தது. 22 காலை பிரித்தேன். கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. 24ஆம் தேதி தபாலாபீசுக்குப் போய்த் தந்தித் தாளில் "ஆணி என்னுடையது. போ" என்று எழுதினேன். அங்கிருந்த பெண் படித்துவிட்டு, "என்னம்மா, வீட்டுல தச்சு வேலையா?" என்று சிரித்தாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 28ஆம் தேதி மறுபடி போனேன். வாசலோடு திரும்பினேன். மே 2 அன்று இங்கே நல்ல வெயில். பாயை எல்லாம் காயவைத்தேன் என்று எழுதியிருக்கிறது.

உன் அத்தானிடம் நேற்றுத்தான் சொன்னேன். "அந்தப் பொண்ணு முடிய வெட்டிக்கிச்சுன்னு சொன்னியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

மன்னிப்பு என்று எழுதி அடித்துவிட்டேன். அது நான் கேட்கக் கூடியது அல்ல.

தொமியே

*

மினாசாவா
1958 செப்டம்பர் 14

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

ஆணி கிடைத்தது. நீங்கள் எழுதிய இடத்தில் வைத்து அளந்தோம். இரண்டு பங்கு. நவம்பர் 10 முதல் ஏப்ரல் 13 வரை இருபத்துமூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் எண்களைத் திருத்தி எல்லா நாட்டு மையங்களுக்கும் அனுப்பியாயிற்று. உங்கள் தேதிகள் துல்லியமாக இருந்தன. காரணம் என்ற இடத்தில் "அளந்தவரின் உடையில் இரும்பு" என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன். பிப்ரவரிப் புயலின் அளவு இப்போது சரியாக இருக்கிறது.

ஹிசாயோவின் எண்களையும் பெயரையும் பட்டியலில் திரும்ப எழுதினேன். அதைத் தெரிவிக்க முகவரி கேட்டு அவள் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். "அவ இப்ப முழுகாம இருக்கா தம்பி. அந்த எண்ணு சரியா தப்பான்னு அங்க யாரும் கேக்கல" என்றார். தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஆணியை உறையில் போட்டு எண் இட்டு நிலையத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். திருப்பித் தர விதி இல்லை.

குளிர்காலத்துக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஷுன்பெய்

*

மாஷிகே
1958 அக்டோபர் 26

ஷுன்பெய்க்கு,

முதல் பனி இன்னும் விழவில்லை. நாங்கள் இருவரும் இருக்கிறோம். உனக்குச் சளி வராமல் இருக்கட்டும்.

வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் அந்தக் குடிலில் அடுப்பு கிடையாது என்பதும் நீ எழுதியதுதான். பஞ்சை அடித்து, புதுத்துணி போட்டு, அதே மான்கொம்புப் பொத்தானோடு சட்டையை அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது கொடுத்தாலும் சரி.

உள்துணியை இந்தத் தடவை நான் தைக்கவில்லை. நான்கு பக்கமும் திறந்தே இருக்கிறது. பஞ்சு உதிராமல் நூலால் லேசாகச் சுற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். கைவிட்டுத் துழாவிப் பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். பிறகு நீயே தைத்துக்கொள்.

வெள்ளை நூல் ஒரு கண்டு வைத்திருக்கிறேன். ஊசி வைக்கவில்லை. அது இரும்பு.

தொமியே